தோற்கத் தெரியாத எதிராளி

அத்தியாயம் 5

“எம் பொண்டாட்டி உயிரோடதான் இருக்கா, தன் இஷ்டத்துக்குத்தான் போனான்னு நீங்க எழுதிக் கொடுத்தாப் போதும் மேடம்” என்றான் ஜோஷ்வா.

தேனியில் டயர் கடை மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு காதல் உண்டா என்றுதான் கேட்பார்கள். காணாமல் போனவளைத் தேட வேண்டாம், சான்றிதழ் மட்டும் போதும் என்று கேட்டு வந்த முதல் ஆள் இவன்தான். அலுவலகத்தை நடத்தும் சுபாஸ்ரீக்கு அதுவே பிடிக்கவில்லை. இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் நாற்காலியைக் காட்டினாள்.

ஜோஷ்வா ஏலக்காய் வியாபாரி. தேனி கடைத்தெருவில் கடை. காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் கேரள மலைக்கு ஏறிச் சரக்கு வாங்கிக்கொண்டு சாயங்காலம் இறங்குவான். மலையில் ஏலக்காய் உலர்த்த ஒரு ஸ்டோரும் வைத்திருந்தான். அவன் மனைவி ஜெஸ்லின் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அவள் வீட்டை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது.

“போலீஸ் என்ன சொல்லுது?” என்றாள் சுபாஸ்ரீ.

“போன் டவர் கேரளா மலைப்பக்கம் காட்டுது. மேஜரான பொம்பளை, சண்டை போட்டுட்டுப் போயிருக்கா, நாங்க என்ன செய்யன்னு ஃபைலை மூடிட்டாக. அவதான் என்னை விட்டுட்டுப் போனான்னு காட்டுனாத்தான் விவாகரத்து கிடைக்கும்னு வக்கீல் சொல்றாரு.”

“உயிரோட இருக்காகன்னு அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?”

ஜோஷ்வா இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஜெஸ்லினோட அம்மா, எங்க அத்தை அன்னத்தாய், கம்பத்துல இருக்காக. அவுகளும் இங்கிலீஷ் டீச்சரா இருந்தவுகதான். போன வருசம் பக்கவாதம் வந்து வலது கை, கால், நாக்கு எல்லாம் இழுத்துக்கிருச்சு. மூளைக்கு வேலை கொடுங்கன்னு டாக்டர் சொன்னதுல, ஜெஸ்லின் போன்ல ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தா. ஆளுக்கு ஏழு எழுத்துக் கட்டை வரும். கட்டத்துல இருக்க எழுத்தோட சேத்து இங்கிலீஷ் வார்த்தை கோக்கணும். அவ இங்கன இருந்து ஆடுவா, அத்தை அங்கன இருந்து ஆடுவாக. இப்பவும் ஆடுறா மேடம். பேச மாட்டா, கூப்பிட்டா எடுக்க மாட்டா, அம்மாகூட விளையாட்டை மட்டும் விடல.”

“வேற யாராச்சும் அவுக போனை வச்சுக்கிட்டு ஆடலாம்ல?” என்றார் முத்துராஜா. சுபாஸ்ரீயின் உதவியாளர். இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்து, பாலிசி எடுத்தவர்கள் சொல்லும் பொய்யைக் கேட்டுக் கேட்டே இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

“அதுக்கும் பதில் இருக்கு. எங்க வீட்டுல ஓய்வுநாள்ல எந்த விளையாட்டும் கிடையாது. ஜெஸ்லினும் கல்யாணம் ஆன நாள்லருந்து அப்படித்தான். வீட்டை விட்டுப் போன பிறகும் பாருங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் அவகிட்டருந்து ஒரு வார்த்தை வராது. அடுத்தவனுக்கு அது எப்படித் தெரியும்?”

முத்துராஜா தாடையைத் தடவினார். “நல்ல பாயின்ட்டுதான் மேடம். ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கிற திருடனை நான் பாத்ததில்ல.”

“நீங்களும் ஆடுவீங்களா?” என்று சுபாஸ்ரீ ஜோஷ்வாவிடம் கேட்டாள்.

“நானா? எனக்கு இங்கிலீஷ் பில் போடுற அளவுக்குத்தான் வரும்” என்று சிரித்தான் அவன்.

“உங்க அத்தையைப் பாக்கணும்.”

“சாயங்காலமா வாங்க. மலையிலருந்து இறங்கி தினமும் நேரா அங்கதான் போவேன். அத்தை பேசுறது யாருக்கும் புரியாது. நான்தான் எடுத்துச் சொல்லணும். போலீஸுக்கும் நான்தான் சொன்னேன்.”

எவ்வளவு நல்ல மருமகன். சுபாஸ்ரீ தலையாட்டி அனுப்பி வைத்தாள்.

மறுநாள் காலையிலேயே முத்துராஜாவின் கார் சின்னமனூரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு. நேற்றைய காற்றில் சாய்ந்த மரங்களுக்கு ஆட்கள் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“சாயங்காலம்னுதானே மேடம் சொன்னாரு?”

“அதான் காலைல போறோம்.”

“அந்தாள் எடுத்துச் சொல்லாம அந்தம்மா பேசுறது நமக்கு எப்படிப் புரியும்?”

“காது கொடுத்துக் கேப்போம். இதுவரைக்கும் யாராச்சும் கேட்டாகளான்னு தெரியல.”

முத்துராஜா ஒரு வாழைத்தார் லாரியை முந்தினார். “எனக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீஷ் வார்த்தை ஆம்லெட். அதையும் ஹோட்டல்காரன்தான் கத்துக்கொடுத்தான். என்னையக் கூட்டிட்டுப் போறீங்களே” என்றார். சுபாஸ்ரீ சிரிக்கவில்லை.

கம்பத்தில் திராட்சை மண்டிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அன்னத்தாயின் வீடு. கதவைப் பாதி திறந்து நின்றாள் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் சங்கிலியம்மாள்.

“சாரு இல்லாதப்ப யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிருக்காக.”

“சாருதான் ஆத்தா எங்களுக்கு வேலை கொடுத்ததே” என்றார் முத்துராஜா. “வேணும்னா போன் போட்டுக் கேளு. மலைமேல ஜீப்புல ஆடிக்கிட்டுப் போறவரு, இதுக்காகப் போனை எடுத்துத் தவற விட்டாருன்னா, அந்தக் காசு ஓஞ்சம்பளத்துலதான் பிடிப்பாரு.”

சங்கிலியம்மாள் யோசித்துவிட்டுக் கதவை விட்டாள்.

அன்னத்தாய் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயின் ஒரு பக்கம் கீழே இழுத்திருந்தது. இடது கையில் போன். கண் மட்டும் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற டீச்சரின் கண்ணாகவே இருந்தது. வந்தவர்கள் யார் என்று சுபாஸ்ரீ சொல்லி முடித்ததும், அவர் பார்வை வாசல் பக்கம் போய்த் திரும்பியது.

“அவர் வரல டீச்சர். நாங்க மட்டுந்தான்.”

போனை வாங்கிப் பார்த்தாள். சிம் கார்டு இல்லை. வாட்ஸ்அப் இல்லை. வீட்டு வைஃபையில் அந்த விளையாட்டு ஒன்றுதான் ஓடியது.

“கெட்ட சேதி கேட்டா திரும்பவும் ஏதாச்சும் ஆகிரும்னு சாருதான் எல்லாத்தையும் எடுத்துட்டாக” என்றாள் சங்கிலியம்மாள்.

திரையில் பாதி ஆடிய ஆட்டம். எதிராளி கடைசியாகக் கோத்திருந்த வார்த்தை ‘ஸாக்ஸ்’. இசட், ஏ, எக்ஸ் என்று மூன்றே எழுத்து, ஆனால் அதில் இரண்டு அபூர்வ எழுத்துக்கள் இருந்ததால் பாயின்ட்டை அள்ளியிருந்தது. அதற்கு மேலே ‘ஃபிஸ்’ என்று ஒன்று.

“இதெல்லாம் வார்த்தையா, தும்மலா?” என்றார் முத்துராஜா.

சுபாஸ்ரீ தன் போனில் அகராதியைப் பார்த்தாள். “முதல் வார்த்தை, கூரைக் கல்லை வெட்டுற கருவி. இங்கிலீஷ்காரனே மறந்திருப்பான்.”

“ஆனா வலைத்தளத்துக்கு மறக்காது மேடம். இதுக்குன்னே ஒண்ணு இருக்கு. கையில இருக்க எழுத்தைத் தட்டி, இந்த எழுத்து உள்ள வார்த்தையா வேணும்னா கொட்டும். எதுக்கு அதிகப் பாயின்ட்டோ அது மேல நிக்கும். என் மச்சினன் மக அனுஷ்கா அவ அப்பனை இப்படித்தான் தினம் கவுக்குறா.” அவர் பேசிக்கொண்டே அன்னத்தாயின் ஏழு எழுத்துக்களைத் தட்டினார். மேலே வந்த வார்த்தைகள் எல்லாம் ‘ஸாக்ஸ்’ குடும்பத்து உருப்படிகள்தான். “பாத்தீங்களா? பத்தாவது ஃபெயிலானவன்கூட இதை வச்சு ஆடலாம்.”

“பில் போடத் தெரிஞ்சாலே போதும்” என்றாள் சுபாஸ்ரீ.

முத்துராஜாவின் முகம் மாறியது. ஆனாலும் அவர் விடவில்லை. “அப்படி முடிவு கட்டவும் முடியாது மேடம். ஜெஸ்லினும் அந்த வலைத்தளத்தைப் பாத்து ஆடிருக்கலாம். ஊரே அப்படித்தான் ஆடுது. இதைக் கோர்ட்டுல சொன்னா நம்மளப் பாத்துச் சிரிப்பாக.”

அது நியாயமான பேச்சுதான். சுபாஸ்ரீ சங்கிலியம்மாளிடம் திரும்பினாள்.

“ஜெஸ்லின் இருந்தப்ப டீச்சர் எப்படி ஆடுவாக?”

“எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. ஆனா அப்ப டீச்சரு தினமும் ஜெயிச்சிருவாக. ஜெயிச்சதும் என்னையக் கூப்பிட்டுக் காட்டுவாக. வாய் ஒரு பக்கந்தான் சிரிக்கும், ஆனா சிரிப்பாக. அந்தப் பிள்ள சனிக்கிழமை வந்தா, ‘எங்கம்மாவ ஜெயிக்கவே முடியல’ன்னு தலையில அடிச்சுக்கிரும். இப்ப தினமும் தோக்குறாக. சிரிச்சு நான் பாக்கல.”

“எப்பருந்து தோக்குறாக?”

“அந்தப் பிள்ள போனதுலருந்து.”

சுபாஸ்ரீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள், நோயாளி அம்மாவிடம் தினமும் தோற்றிருக்கிறாள். அம்மா ஒற்றை எழுத்தைச் சேர்த்தாலும் வார்த்தை வருகிற மாதிரி இடம் விட்டு விட்டு வைத்திருக்கிறாள். அவளுக்கு அது விளையாட்டே இல்லை, அம்மாவை உயிரோடு வைத்திருக்கும் மருந்து. இந்த இரண்டு மாதமாக ஆடுகிறவனுக்கு அது தெரியாது. விளையாட்டு என்றால் ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தவன், வலைத்தளம் காட்டிய பெரிய வார்த்தையை எடுத்து எடுத்து வைத்திருக்கிறான்.

“டீச்சர், இப்ப ஆடுறது ஜெஸ்லின் இல்ல. உங்களுக்குத் தெரியுமா?”

அன்னத்தாயின் தொண்டை அசைந்தது. வார்த்தை வெளியே வர வெகுநேரம் ஆனது. குழறலாகத்தான் வந்தது. ஆனால் அவசரப்படாமல் கேட்டால் புரிந்தது.

“தெ…ரியும்.”

“அப்ப அந்த ஞாயித்துக்கிழமை?” என்றார் முத்துராஜா. “வேற ஆளு ஆடுனா ஞாயித்துக்கிழமையும் ஆடிருப்பான்ல? ஜெஸ்லின்தான் ஓய்வுநாள்ல ஆட மாட்டாகளே.”

அன்னத்தாய் தலையை ஆட்டினார். இல்லை என்று.

“ஆ…டுவா.”

சுபாஸ்ரீ முன்னால் குனிந்தாள். “ஞாயித்துக்கிழமையா?”

ஒவ்வொரு சொல்லாக, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, அன்னத்தாய் சொல்லி முடித்தார். யாரும் குறுக்கே பேசவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியாமல் படுக்கையில் கிடக்கிற அந்தக் காலை நேரம்தான் அவருக்கு வாரத்திலேயே கொடுமையான நேரம். அதனால் பிரசங்கம் தொடங்கியதும் ஜெஸ்லின் பைபிள் உறைக்குள் போனை வைத்துக்கொண்டு ஆடுவாள். ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த குறும்பு அது.

“பக்கத்துல உக்காந்திருக்க புருசனுக்குத் தெரியாமலா?” என்றார் முத்துராஜா.

“பக்கத்துல எங்க உக்காந்தாரு? வேதக்கோயில்ல ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம்” என்றாள் சுபாஸ்ரீ. அவள் குரல் கெட்டிப்பட்டிருந்தது. “முத்துராஜா, ஊர்பேர் தெரியாத ஒருத்தன் அந்தப் போனை வச்சிருந்தா ஞாயித்துக்கிழமையும் ஆடிருப்பான். ஜெஸ்லின் உயிரோட இருந்தா கண்டிப்பா ஆடிருப்பா. ஜெஸ்லின் ஓய்வுநாள்ல ஆட மாட்டான்னு நம்பிக்கிட்டு இருந்த ஆளு ஒருத்தர்தான். நேத்து நம்ம ஆபீஸுக்கே வந்து, அதையே சாட்சியா வச்சுட்டுப் போனாரு.”

சங்கிலியம்மாள் சுவரோடு ஒட்டி நின்றாள். தினமும் சாயங்காலம் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

“டீச்சர், ஒருவேளை ஜெஸ்லினை எங்கயாச்சும் அடைச்சு வச்சிருக்கலாம்” என்றாள் சுபாஸ்ரீ. சொல்லும்போதே அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அன்னத்தாய் அவளை நேராகப் பார்த்தார்.

“எம்பிள்ள உசிரோட இருந்தா… என்னைத் தோக்க விட மாட்டா.”

இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. சங்கிலியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“முதல் ஆட்டத்துலயே தெரிஞ்சிருச்சா டீச்சர்?”

“ம்.”

“அப்புறம் ஏன் இவ்வளவு நாள் அவன்கூட ஆடுனீங்க?”

அவர் போனைக் காட்டினார். “நிறுத்துனா… அணைச்சிருவான். போன் எங்க இருக்கோ… அங்கதான் அவ இருப்பா.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “வேணும்னேதான் தோத்தேன். ஜெயிக்கிறவன்… விட மாட்டான்.”

சுபாஸ்ரீக்குக் கண் நிறைந்துவிட்டது. மகளைக் கொன்றவன் தினமும் சாயங்காலம் வந்து ‘அத்தை சாப்பிட்டாகளா’ என்று கேட்டிருக்கிறான். போலீஸ் வந்தபோது இவர் குழறியதை ‘மக நல்லா இருக்கான்னு சந்தோசப்படுறாக’ என்று அவனே எடுத்துச் சொல்லியிருக்கிறான். இவர் பகலெல்லாம் அவனுக்கு விட்டுக்கொடுத்து ஆடிக்கொண்டு, அவன் இல்லாத நேரத்தில் யாராவது வந்து காது கொடுப்பார்களா என்று காத்திருந்திருக்கிறார்.

“எதிர்வார்த்தை எப்ப வரும்?” என்று சங்கிலியம்மாளிடம் கேட்டாள்.

“பகல்லதான். அவுக மலைக்குப் போன பிறகுதான் போன் சத்தம் கொடுக்கும். சாயங்காலம் வரவே வராது.”

சுபாஸ்ரீ வெளியே வந்து இன்ஸ்பெக்டர் காமராஜைக் கூப்பிட்டாள். ஃபைலை மூடியவர் அவர்தான். முதலில் எரிந்து விழுந்தார்.

“அதான் டவர் கேரளா மலையக் காட்டுதுன்னு முடிச்சாச்சே. திரும்பத் திரும்ப என்னம்மா?”

“டவர் காட்டுற அந்தச் சுத்துல ஜோஷ்வாவோட ஏலக்காய் ஸ்டோர் இருக்கான்னு பாத்தீங்களா சார்? அவரு மலையில இருக்கப்ப மட்டுந்தான் ஜெஸ்லின் போன்ல ஆட்டம் நடக்குது.”

அந்தப் பக்கம் ஃபைலைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “வேற பொம்பளையோட அவனுக்குத் தொடர்புன்னு அப்பவே ஒரு பேச்சு வந்துச்சு” என்று மெதுவாகச் சொன்னார். “அந்தப் பக்கத்து ஸ்டேஷன்ல எனக்குத் தெரிஞ்ச எஸ்.ஐ. இருக்காரு. ரெண்டு பேரும் போறோம். ஆனா போன் அவன் கையில இருக்கும்போது பிடிச்சாத்தான் ஆகும். தூக்கி எறிஞ்சான்னா ஒண்ணுமில்ல.”

“கையில இருக்கும். அதை டீச்சர் பாத்துக்குவாக.”

உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னாள். அன்னத்தாய் கொஞ்ச நேரம் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கை விரலால் இரண்டு எழுத்தை இழுத்து வைத்தார். சின்ன வார்த்தைதான். ஆனால் அதற்குப் பக்கத்தில், பாயின்ட்டை மூன்று மடங்காக்கும் மூலைக் கட்டம் எதிராளிக்குத் திறந்து கிடந்தது.

“இந்த இடத்தை விட்டா அவன் அள்ளிருவானே டீச்சர்” என்றார் முத்துராஜா, விளையாட்டின் போக்கில் தன்னை மறந்து. உடனே புரிந்துகொண்டு தலையைக் குனிந்தார்.

பதில் வந்தது. பெரிய வார்த்தை, மூலைக் கட்டத்தின் மேல். அன்னத்தாய் அடுத்த மூலையைத் திறந்து விட்டார். அதற்கும் பதில் வந்தது. இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. மலையில் எங்கோ உட்கார்ந்து அவன் எழுத்துக்களைத் தட்டித் தட்டி வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறான். அன்னத்தாயின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாவது மூலையையும் திறந்து விட்டார்.

இந்த முறை பதில் வரவில்லை.

உச்சி வெயில் தாண்டியது. சங்கிலியம்மாள் கொண்டுவந்த கஞ்சியை யாரும் தொடவில்லை. சுபாஸ்ரீயின் போன் அடித்ததும் அவள் வாசலுக்குப் போய்ப் பேசினாள்.

“பிடிச்சாச்சு” என்றார் காமராஜ். குரலில் பழைய அதட்டல் இல்லை. “ரெண்டு போன் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். ஒண்ணுல அந்த விளையாட்டு, இன்னொண்ணுல ஏதோ வார்த்தை தேடுற பக்கம். ஸ்டோருக்குப் பின்னால விறகு அடுக்குற கொட்டகையக் காட்டிட்டான்மா. தோண்டிட்டாங்க. விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி அங்க கூட்டிட்டுப் போயிருக்கான். அந்தப் பிள்ள மாட்டேன்னுருக்கு. அங்கனயே கொன்னு புதைச்சிருக்கான். அந்தம்மாகிட்ட நான் என்னன்னு சொல்ல? அன்னைக்கு அவுக எதையோ சொல்ல அவ்வளவு பாடுபட்டாக. நான் அவன் முகத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.”

அவருக்கு ஆறுதல் சொல்ல சுபாஸ்ரீக்கு மனம் வரவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளே போனாள். முத்துராஜா அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“கி…டைச்சாளா?” என்றார் அன்னத்தாய்.

“கிடைச்சுட்டாக டீச்சர்.”

அவர் போனைப் போர்வை மேல் கவிழ்த்து வைத்தார். இரண்டு மாதமாக அதைப் பிடித்திருந்த விரல்கள் உடனே நிமிரவில்லை. சங்கிலியம்மாள் வந்து ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிவிட்டாள். அன்னத்தாய் அழுதார். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் அழுதது. இன்னொரு பக்கத்தில் கண்ணீர் மட்டும் வழிந்தது.

வெகுநேரம் கழித்து அவர் சுபாஸ்ரீயின் கையைத் தொட்டார்.

“அவ அப்பா கல்லறை பக்கத்துல… இடம் இருக்கு. வேதக்கோயில் பாதிரி ஐயருக்குச் சொல்லு. மணி அடிக்கச் சொல்லு.”

முத்துராஜா செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். அரைமணி நேரத்தில் கோயில் மணி விட்டு விட்டு, மெதுவாக அடிக்கத் தொடங்கியது. கடைகளில் இருந்தவர்கள் வெளியே வந்து யார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அன்னத்தாய் கண்ணை மூடி, மணி நிற்கும்வரை மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெயர் மட்டும் அவர் வாயில் குழறவில்லை.